உங்கள் பேட்டையில் ஒரு சிற்பம்: பெங்களூருவில் இடம் தேடுவது முதல் கழுவித் துடைப்பது வரை

பெங்களூருவில் தமிழர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால், சீக்கிரமே யாராவது எழுந்து "நம்ம ஏரியாவிலே ஒரு சிலை வைக்கணும்" என்று சொல்லிவிடுவார். ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன், விவேக் நகர், லிங்கராஜபுரம், எங்கே போனாலும் இந்தப் பேச்சு உண்டு. கைதட்டல் விழும், ரசீதுப் புத்தகம் அச்சாகும், சிற்பிக்கு அட்வான்ஸும் போய்விடும். அப்புறம்தான் "எங்கே வைக்கிறது?" என்ற கேள்வி வரும். அந்த இடத்தில் பாதித் திட்டங்கள் படுத்துவிடுகின்றன. எனவே இந்த வழிகாட்டி தலைகீழ் வரிசையில் போகிறது: முதலில் நிலமும் அக்கம்பக்கமும், பிறகு பணம், அதற்கும் பிறகுதான் சிற்பி.

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவரை நினைத்துப் பாருங்கள். 1991-லேயே தயாரான சிலை. காவிரிப் பிரச்சினையும் மொழிப் பதற்றமும் ஒன்றாகக் கொதித்த காலம் அது. எதிர்ப்பு கிளம்பியதால் 18 ஆண்டுகள் மூடியபடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, கர்நாடக முதல்வராக இருந்த எடியூரப்பாவுடன் சேர்ந்து, அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலையில் எந்தக் குறையும் இல்லை. 18 ஆண்டும் இழுத்தது அக்கம்பக்கத்தின் சம்மதம்தான். அந்தச் சம்மதமும் கொடுத்து வாங்கியபோதுதான் வந்தது.

இரண்டு மாநில முதல்வர்கள் தலையிடும் அளவுக்கு உங்கள் வேலை பெரிதாக இருக்காது. பூங்காவில் ஒரு கல் இருக்கை, அபார்ட்மென்ட் வாசலில் ஓர் உலோகப் பறவை, நூலக முற்றத்தில் குழந்தைகள் ஏறி விளையாடும் ஒரு யானை: இவைதான் இங்கே பேச்சு. விமான நிலையத்தில் ராம் வி. சுதார் வடித்த 108 அடி கெம்பேகவுடா போன்றவை அரசாங்க வேலை, அதற்கு வேறு பாதை.

முதல் வேலை: என்ன வைக்கலாம் என்று பேசுவது

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மார்பளவுத் தலைவர் சிலை வேண்டாம். இந்த ஊரில் அவை ஏற்கெனவே நிறைய. ஆண்டுக்கு இரண்டு நாள் மாலை, மீதி நாள் காக்கை. அதைவிட முக்கியமான காரணம், ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்த உடனே தெருவில் பாதிப்பேர் வெளியே நிற்க வேண்டியதாகிவிடும்.

மும்பையின் காலா கோடா நல்ல பாடம். அங்கே குதிரைமேல் அமர்ந்த ஏழாம் எட்வர்டின் சிலை இருந்தது. 1965-ல் அதை அகற்றினார்கள். சிலை போன பின்பும் பேட்டைக்குக் கறுப்புக் குதிரை என்ற பெயர் மட்டும் போகவில்லை. 2017-ல் அங்கே மறுபடி ஒரு குதிரை வந்தது. இந்த முறை முதுகில் ஆள் கிடையாது. மக்களுக்கு வேண்டியிருந்தது குதிரைதான். உங்கள் பேட்டையின் குதிரை எது என்று தேடுங்கள். பழைய கிணறாக இருக்கலாம், வெட்டிப்போட்ட ஆலமரமாக இருக்கலாம், மில் சங்காக இருக்கலாம், எல்லோரும் தண்ணீர் பிடித்த குழாயடியாக இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கக் கூட்டம் போடுவதைவிட, இருக்கும் இடத்துக்குப் போய்ப் பேசுவது மேல். காலை நடைக்காரர்கள், பூ விற்பவர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், ஆட்டோ ஸ்டாண்டு, கடைசியாகக் கட்டாயம் பௌரகார்மிகர்கள். தெருவைப் பெருக்குகிறவருக்குத்தான் எந்த மூலையில் குப்பை சேர்கிறது, எங்கே ராத்திரி குடிக்கிறார்கள், மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் தெரியும். நிலம் பார்க்கும்போது இந்தத் தகவல் தங்கம்.

அடுத்து, ஏற்கெனவே உங்கள் பகுதியில் என்ன கல் இருக்கிறது என்று பாருங்கள். பெங்களூரு முழுக்க நடுகற்களும் கல்வெட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. பேகூர்க் கல்வெட்டு 9-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த ஊரின் பெயரைச் சொல்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. ஹெப்பாளில் கண்டெடுத்த, ஏறத்தாழ கி.பி. 750-ஐச் சேர்ந்த கிட்டய்யனின் நடுகல்லுக்கு ஆர்வலர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மண்டபம் எழுப்பினார்கள். சாக்கடை ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் ஒரு நடுகல்லை மீட்டு, நிழலும் விளக்கப் பலகையும் வைப்பது புதிய சிற்பத்தைவிடச் செலவு குறைந்த, பெருமை கூடிய வேலை. ஆனால் பழங்கல்லை நீங்களாகவே பெயர்க்கவோ சுத்தம் செய்யவோ கூடாது. தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் காட்டும் வழியில் செய்யுங்கள். கல் நடுவதற்கு நம் தொல்காப்பியமே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படி வகுத்திருக்கிறது. அதில் என்.ஓ.சி. என்னும் ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கும் படி இல்லை என்பது அந்தக் காலத்தவர்களின் அதிர்ஷ்டம்.

இரண்டாவது: நிலம் யாருடையது?

இங்கேதான் நிறைய நேரம் போகும். போகட்டும்.

முதலில், எங்கே வைக்கவே முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது: பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம், மற்றப் பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ மாநில அரசுகள் இனி அனுமதி தரக்கூடாது. தெருவிளக்கு, போக்குவரத்து போன்ற பொதுத் தேவைக்கான அமைப்புகளுக்குத்தான் விலக்கு. ஆகவே சர்க்கிள், டிவைடர், ஃபுட்பாத் மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். "எம்.எல்.ஏ. நமக்குத் தெரிஞ்சவர்" என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்லி வைத்த சிலையும் ஒரு பொதுநல வழக்கில் போய்விடும்.

கப்பன் பார்க், லால்பாக் பக்கம் போகவே வேண்டாம். அவற்றுக்கு 1975-ன் தனிச் சட்டம் இருக்கிறது, தோட்டக்கலைத் துறையின் பிடி இறுக்கம். ஏரிக்கரையும் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் ஓரமும் அதேபோல. அங்கே எதைக் கட்டினாலும் ஆக்கிரமிப்புக் கணக்கில் வரும். அல்சூர் சுற்றுவட்டாரத்தில் ராணுவ நிலம் கலந்து கிடக்கிறது, சுவர் இல்லாததால் காலி மனை என்று நினைத்துவிடாதீர்கள்.

மீதி என்ன இருக்கிறது?

வார்டு பூங்காக்கள் மாநகராட்சியிடம் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. என்ற பழைய ஒரே மாநகராட்சி போய், மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகளும், அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் வந்தன. உங்கள் தெரு எதில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். பழைய வார்டு எண்ணை வைத்துக்கொண்டு மனு கொடுத்தால் மேசை மேசையாகச் சுற்றும். கார்ப்பரேட்டர் இருந்தால் அவரிடம் போவது வழக்கம். ஆனால் பழைய மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் பல ஆண்டுகள் இந்த ஊரில் கார்ப்பரேட்டரே கிடையாது. எல்லாம் அதிகாரிகள் வழிதான் நடந்தது. பூங்காக்களுக்கு 1985-ன் பூங்கா, விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்; பூங்காவைப் பூங்காவாகவே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனால் மனுவில் "சிலை", "மண்டபம்", "பீடம்" என்று எழுதிப் பயமுறுத்தாமல், உட்காரும் கல், விளையாட்டுச் சிற்பம், நீர் பருகுமிடம் என்று பூங்காவின் பயனோடு ஒட்டியதாகவே திட்டத்தை அமையுங்கள். இது தந்திரம் இல்லை. உண்மையிலேயே அப்படிப்பட்ட சிற்பம்தான் பூங்காவுக்குப் பொருத்தம்.

சி.ஏ. சைட் என்னும் பொது வசதி மனை இன்னொரு வழி. பி.டி.ஏ. என்னும் பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் லேஅவுட்டுகளில் பள்ளி, நூலகம், சங்கக் கட்டடம் போன்றவற்றுக்குக் குத்தகையாகக் கொடுத்த மனைகள் இவை. குத்தகைப் பத்திரத்தில் எந்தப் பயனுக்கு என்று எழுதியிருக்கிறதோ அதை ஒருமுறை படித்துவிட்டு, குத்தகைதாரரிடம் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள்.

மிகச் சுலபமானது தனியார் நிலத்தில், ஆனால் தெருவிலிருந்து தெரியும்படி வைப்பது: அபார்ட்மென்ட் முகப்பு, பள்ளிச் சுற்றுச்சுவரின் உள்பக்கம், தேவாலயத் தோட்டம், மருத்துவமனை வளாகம். அபார்ட்மென்டில் பொது இடம் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பிரிக்காத பங்காகச் சொந்தம்; ஆகவே கமிட்டி மட்டும் முடிவெடுத்தால் போதாது, பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். பில்டர் இன்னும் பொது இடத்தை ஒப்படைக்கவில்லை என்றால் அது முடியும்வரை காத்திருங்கள்.

எந்த மனையாக இருந்தாலும் கர்நாடக அரசின் திஷாங்க் செயலியை அங்கேயே நின்று திறந்து பாருங்கள். காலுக்குக் கீழே உள்ள சர்வே எண் தெரியும், அரசு நிலமா, ஏரி நிலமா என்ற சாயலும் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் கிடைத்ததும் ஒரு சின்னச் சோதனை. அட்டையிலோ மூங்கிலிலோ சிற்பத்தின் அதே உயரம், அகலத்தில் ஓர் உருவம் செய்து, ஒரு வாரம் அங்கே நிறுத்துங்கள். யார் முட்டிக்கொள்கிறார், யார் வீட்டு ஜன்னலை மறைக்கிறது, நாய் எங்கே படுக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். தற்காலிகப் பொருளுக்குப் பெரிய சக்தி உண்டு. 2015-ல் சுல்தான்பாளையத்தில் ரோட்டுப் பள்ளத்துக்குள் ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி ஒரு முதலையை இறக்கிவைத்தார். எந்தக் கல்வெட்டும் இல்லாமல் நாடே அதைப் பார்த்தது.

மூன்றாவது: அக்கம்பக்கம்

கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்காரரைத் திறப்பு விழாவுக்கு அழைப்பது தாமதம். முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் தமிழர் அல்லாதவராக இருந்தால் நல்லது. உருதுவும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நம் பேட்டைகளில் எப்போதும் இருக்கிறார்கள். கூட்டக் குறிப்பைக் கன்னடத்திலும் எழுதுங்கள். அலுவலகத்தில் மனுவோடு இணைக்கவும் அது உதவும்.

குறள் பொறிக்க ஆசையா? செய்யுங்கள், பக்கத்திலேயே சர்வக்ஞரின் மூன்றடிப் பாடல் ஒன்றையும் பொறியுங்கள். அயனாவரத்துக்கும் அல்சூருக்கும் நடந்த கணக்கு உங்கள் பூங்காவுக்கும் பொருந்தும்.

இன்னொன்றை இந்தக் கட்டத்திலேயே பேசிவிட வேண்டும். நம் ஊரில் கண், மூக்கு உள்ள எந்தக் கல்லுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை குங்குமம் ஏறும். அடுத்த வாரம் விளக்கு, அடுத்த மாதம் உண்டியல். பொது இடத்தில் புதிய வழிபாட்டுத் தலம் எழும்ப அனுமதிக்கக் கூடாது என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிற்பம் சன்னதியானால் எடுத்துவிட வேண்டிய நிலை வரும். அம்மன் சாயல், நாகம், சூலம் போன்ற வடிவங்களைத் தவிர்ப்பதும், மேடை எழுப்பாமல் தரையோடு தரையாக வைப்பதும் ஓரளவு காப்பாற்றும்.

குப்பை சேரும் பிளாக் ஸ்பாட்டில் சிற்பம் வைத்தால் குப்பை போடமாட்டார்கள் என்றும் ஒருவர் சொல்வார். பாதி உண்மை. அக்லி இந்தியன் குழு 2010 முதல் இந்த ஊரில் செய்துவருவதைக் கவனித்தால் புரியும்: முதலில் சுத்தம், சுண்ணாம்பு, உட்கார இடம், செடி, தினமும் கண் வைக்க அங்கேயே ஓர் ஆள். இவை இல்லாமல் வெறும் சிற்பத்தை இறக்கினால் குப்பை அதன் காலடியில் சேரும்.

நான்காவது: பணம்

சங்கம் பதிவானதாக இருக்க வேண்டும். கர்நாடகத்தில் 1960-ன் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு, பான் எண், தனி வங்கிக் கணக்கு. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க, 80ஜி என்று பழகிப்போன வருமான வரிப் பதிவு வேண்டும். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் வேண்டுமென்றால் அதோடு, 12ஏ என்று பழகிப்போன சங்கத்தின் வரிவிலக்குப் பதிவும், சி.எஸ்.ஆர்-1 படிவப் பதிவும் தேவை. கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, பாரம்பரியக் கைவினை எல்லாம் இருக்கின்றன, ஆகவே "கலைக்கு சி.எஸ்.ஆர். கிடையாது" என்று யாராவது சொன்னால் அந்தப் பத்தியைக் காட்டுங்கள். பதிலுக்கு அவர்கள் லோகோ கேட்பார்கள். விளக்கப் பலகையில் சிறிதாக ஒரு வரி தரலாம், சிற்பத்தின் மேல் மட்டும் கூடாது.

மொத்த வசூலில் பத்தில் ஒரு பங்கை முதல் நாளே எடுத்து வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள். அந்த வட்டிதான் பிறகு கழுவித் துடைக்க உதவும். திறப்பு விழாவுக்குப் பிறகு இந்த வேலைக்கு ஒருவரும் பணம் தரமாட்டார்கள்.

ஐந்தாவது: எந்தப் பொருள்?

கருங்கல் என்றால் பெங்களூருவுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. தேவனஹள்ளிப் பக்கத்துச் சாதரஹள்ளிக் கல் இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. கோலார் மாவட்டம் மாலூர்த் தாலுகாவில் சிவாரப்பட்டணம் என்று ஒரு சிற்பிகள் ஊர் இருக்கிறது. பலர் இதை அறியாமல் நேராக மாமல்லபுரம் போகிறார்கள். மாமல்லபுரம் போவது தப்பில்லை, ஆனால் வண்டிச் செலவைக் கணக்கில் எடுங்கள். கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன். இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரத்தில் ஒரு கல் இருக்கை வேண்டுமென்றால் அதுவே 1.35 டன். நாலு பேர் தூக்க முடியாது, கிரேன் வந்தாக வேண்டும், கிரேன் நுழையக் கேட் அகலம் வேண்டும்.

வெண்கலம் அழகு, ஆயுள் நீளம், விலை எடைக்கணக்கு. ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் உள்ளீடற்று வார்த்தால் ஒரு சதுர மீட்டர்ப் பரப்புக்குச் சுமார் 44 கிலோ பிடிக்கும். இதை வைத்து உங்கள் கொட்டேஷனை நீங்களே சரிபார்க்கலாம். சுவாமிமலைச் சிற்பிகள் விக்கிரகங்களைக் கெட்டியாக வார்ப்பவர்கள். ஆளுயரத்துக்கு மேல் வெளியில் நிற்கும் உருவத்துக்கு உள்ளீடற்ற வார்ப்புதான் வழி, அதில் பழக்கமுள்ள பட்டறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெண்கலத்தின் உள்ளே சாதா இரும்புக் கம்பி விட்டு நிறுத்தினால், இரண்டு உலோகமும் ஈரத்தில் உரசி இரும்பு அரிக்கும். உள்சட்டமும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடற்காற்று இல்லாத பெங்களூருவுக்கு 304 ரகம் பெரும்பாலும் போதும். வெல்டிங் செய்த இடத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் அங்கே பழுப்புக் கறை வரும். சாதா இரும்பு அறுத்த அதே வட்டை இதற்கும் போட்டால் அதே கதை. பழைய இரும்பு, வண்டிப் பாகங்களில் செய்யும் சிற்பம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் ஆண்டுதோறும் பெயின்ட் கேட்கும், கூர்முனை ஒவ்வொன்றையும் தேய்க்க வேண்டும்.

ஃபைபரைப் பற்றி என்ன சொல்வது? மலிவு, இலேசு, சீக்கிரம் முடியும். சில வருஷ வெயிலில் வெளிறி, விரல் போய், உள்ளே இருக்கும் நார் தெரியும். கட்சிக்காரர்களுக்கு அது போதும், உங்களுக்குப் போதாது.

ஆறாவது: சிற்பியைத் தேடுவது

குமாரகிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் இருக்கிறது. ஜனவரியில் அவர்கள் நடத்தும் சித்ரசந்தை என்ற ஓவியச் சந்தையில் ஒரு நாள் சுற்றினாலே பத்துப் பெயர் கையில் இருக்கும். ஜே.சி. ரோட்டுக் கன்னட பவனில் லலிதகலா அகாதெமியும் சிற்பக்கலா அகாதெமியும் உண்டு. சிருஷ்டி கல்லூரி மாணவர்கள் கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்தில் செய்த வேலைகளைப் போய்ப் பாருங்கள். பயணிகளோடு பேசிச் செய்யும் முறை உங்களுக்கும் உதவும். கல்லில் இந்த ஊர் எங்கே வரை போயிருக்கிறது என்று பார்க்க, மறைந்த கனகா மூர்த்தியின் வேலைகளைத் தேடிப் பார்க்கலாம். கோயில் சிற்பமரபில் பயின்று, அந்தத் துறையில் பெண்கள் அரிதாக இருந்த காலத்தில் உளி பிடித்தவர். விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் உள்ள ரைட் சகோதரர்கள் அவர் கைவண்ணம்.

இருபது பேரிடம் இலவசமாக டிசைன் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது அநியாயம், பலனும் இல்லை. நல்ல சிற்பி அனுப்பமாட்டார். மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, மூவருக்கும் மாதிரி செய்யக் கூலி கொடுங்கள். மாதிரி ஓர் அடி உயரத்தில் களிமண்ணிலோ மரத்திலோ இருக்கட்டும், கம்ப்யூட்டர் படம் வேண்டாம். மாதிரிகளைப் பூங்காவிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். முடிவெடுக்கும் குழுவில் ஒரு கலைஞர், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், இரண்டு தெருவாசிகள், ஒரு தோட்டக்காரர் இருந்தால் போதும். சங்கத் தலைவரின் மைத்துனர் வேண்டாம்.

ஏழாவது: ஒப்பந்தம்

"நம்ம ஆளுதானே" என்று வாய்வார்த்தையில் விடாதீர்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுங்கள். அளவு, பொருள், உலோகத்தின் ரகம், முடிக்கும் தேதி, ஜி.எஸ்.டி. விலைக்குள்ளா வெளியேவா, வண்டியும் கிரேனும் யார் செலவு, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் வர வேண்டும். பணத்தை நான்கு தவணையாகப் பிரியுங்கள்: கையெழுத்தின்போது, முழு அளவுக் களிமண் உருவத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டபின், வார்ப்போ செதுக்கலோ முடிந்தபின், நிறுவியபின். இதில் இரண்டாவது கட்டம் உயிர்நாடி. மூக்கு சரியில்லை, கை குட்டை என்று சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. வார்த்தபின் திருத்தம் கேட்டால் சிற்பிக்கும் உங்களுக்கும் சண்டைதான் மிச்சம்.

பதிப்புரிமையைப் பலர் கவனிப்பதில்லை. காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை பெரும்பாலும் காசு கொடுத்தவருக்குப் போகும். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தில் இதைச் சொல்லும் பிரிவின் பட்டியலில் சிற்பம் இல்லை. எழுத்தில் மாற்றி வாங்காவிட்டால் உரிமை சிற்பியிடமே நிற்கும். சிற்பத்தை அச்சிட்டுச் சங்கத்தின் சாவிக்கொத்து, சின்ன மாதிரிகள் செய்து விற்பதற்கெல்லாம் அனுமதியை ஒப்பந்தத்திலேயே வாங்கிவிடுங்கள். பொது இடத்தில் நிலையாக இருக்கும் சிற்பத்தைப் படம் எடுப்பதற்கு மட்டும் யாருக்கும் தடையில்லை.

உரிமையை எழுதிக் கொடுத்தபின்பும் சிற்பியிடம் ஒன்று தங்கும். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ம் பிரிவு, தன் பெயரைக் கோரவும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் அவருக்கு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்றைச் செய்தார். 1957-ல் கொடுக்கப்பட்ட வேலை. 1979-ல் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று அதைக் கழற்றி கிடங்கில் போட்டார்கள். சில பாகங்கள் காணாமலும் போயின. அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அரசாங்கத்துக்கே அந்தக் கதி என்றால், பொங்கலுக்கு முன்னால் கருங்கல் சிற்பத்துக்குத் தங்க எனாமல் அடிக்கலாமா என்று யோசிக்கும் சங்கச் செயலாளர் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. இடம் மாற்றுவது, பழுதுபார்ப்பது, கடைசியில் அகற்றுவது ஆகியவற்றுக்கு முன் சிற்பியிடம் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் இந்தத் தலைவலி வராது.

எட்டாவது: குழி, கிரேன், காற்று

பெங்களூரு மண் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் இரண்டடியில் பாறை, அடுத்த லேஅவுட்டில் நிரப்பிய ஏரி. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரிமேல், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரிமேல் என்றால் உங்கள் பூங்காவின் பூர்வீகத்தையும் விசாரிக்கத்தானே வேண்டும். ஒரு குழி தோண்டிப் பார்த்தபின் இன்ஜினியர் அடித்தளம் போடட்டும்.

காற்றையும் அவரிடம் கேளுங்கள். இந்திய நியமத்தில் பெங்களூருவுக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 119 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தட்டையான தகட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 65 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை விழும். மே மாத மழைக்காற்றில் மரம் சாய்கிற ஊர் இது, சிறகு விரித்த உலோகப் பறவைக்கு இந்தக் கணக்கு கட்டாயம்.

பிள்ளைகள் ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பாருங்கள். 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலான இடைவெளியில் சின்னக் குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளும்; அந்த அளவில் துளையோ சந்தோ இருக்கக்கூடாது. தண்ணீர் தேங்கும் குழிவு இருந்தால் அடியில் ஓட்டை போட்டு வடிய விடுங்கள், டெங்குக் கொசுவுக்கு அந்தக் கையளவு நீரே போதும். மதிய வெயிலில் உலோகம் சுடும் என்பதால் ஏறி விளையாடும் உருவம் மரநிழலில் இருப்பது நல்லது.

செப்டம்பர், அக்டோபர் இங்கே கனமழை. அடித்தளத்தை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போட்டு, 28 நாள் விட்டு, அப்புறம் ஏற்றுங்கள். கனரக வண்டிக்குப் பகலில் நகருக்குள் நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே விடியற்காலை வேலை. சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநிலம் விட்டு வரும் வண்டிக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். ஓசூர் எல்லையில் நின்றபடி சிற்பிக்கு போன் போடுவதைவிட முன்கூட்டியே கேட்டுவிடுவது சுலபம். மேலே போகும் பெஸ்காமின் மின்கம்பியையும் கேபிள் டிவி ஒயரையும் கிரேன் வருவதற்கு முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

ஒன்பதாவது: விளக்கப் பலகையும் திறப்பும்

கன்னடம் மேலே, பெரிதாக. அடுத்துத் தமிழ், வேண்டுமானால் ஆங்கிலம். 2024-ன் சட்டத்திருத்தம் கடை, நிறுவனப் பெயர்ப்பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் கேட்கிறது. உங்கள் பலகையிலும் அதே அளவைக் கடைப்பிடித்தால் ஒரு சர்ச்சையைத் தவிர்க்கலாம். சிற்பத்தின் பெயர், சிற்பி பெயர், பொருள், ஆண்டு, பட்டறையில் உழைத்தவர்களின் பெயர்கள். நன்கொடையாளர் பட்டியல் சங்க அலுவலகச் சுவரில் இருக்கட்டும்.

திறப்பு நாளாகப் பொங்கலையும் தேர்தல் நேரத்தையும் தவிர்த்துவிடலாம். பொங்கலன்று வைத்தால் தெருவின் சிற்பம் அந்த நாளிலேயே தமிழ்ச் சங்கத்தின் சிற்பமாகிவிடும். காவிரி தலைப்புச் செய்தியாக ஓடும் மாதமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

பத்தாவது: கழுவித் துடைப்பது

கருங்கல்லுக்குத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். ஆசிட், கம்பிப் பிரஷ் இரண்டும் கல்லின் மேல்தோலை எடுத்துவிடும். யாராவது எண்ணெய் பூசிவிட்டால் சோப்பு நீரில் உடனே கழுவுங்கள், ஊறிவிட்டால் கறுப்பு போகாது. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் நீரூற்று வைத்த சிற்பத்தில் வெள்ளைப் படலம் ஏறும். என்னைக் கேட்டால் நீரூற்றே வேண்டாம், மோட்டார் ஆறு மாதத்தில் நின்றுவிடும். வெண்கலத்தை மென்மையான சோப்பில் கழுவிக் காயவைத்து ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு பூச வேண்டும். பித்தளை விளக்கும் பாலிஷைப் போட்டுத் தேய்த்தால் சிற்பி கொடுத்த நிறமே போய்விடும். போஸ்டர் ஒட்டினால் கர்நாடகத்தில் அதற்கென்று 1981-லிருந்தே தண்டனைச் சட்டம் உண்டு, புகார் கொடுக்கலாம். நடைமுறையில் அன்றைக்கே கிழித்துவிடுவதுதான் வேகமான தீர்வு.

யார் செய்வது என்பதைப் பெயர் போட்டு எழுதுங்கள். மாதம் ஒருமுறை பார்வை, அரையாண்டுக்கு ஒருமுறை போல்ட் சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சுத்தம். பூங்காத் தோட்டக்காரருக்கு இதற்கென்று தனியாக ஒரு தொகை தருவது நியாயம்.

மெட்ரோவோ சாலை விரிவாக்கமோ இந்த ஊரில் எப்போது எந்தத் தெருவுக்கு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் சிற்பத்தைக் காங்கிரீட்டில் புதைத்துவிடாமல் ஆங்கர் போல்ட்டில் நிறுத்தி, கழற்றும் முறையையும் எடையையும் தூக்கும் புள்ளிகளையும் ஒரு தாளில் சிற்பியிடமே வரைந்து வாங்குங்கள். அந்தத் தாள், என்.ஓ.சி., பொதுக்குழுத் தீர்மானம், ஒப்பந்தம், அடித்தள வரைபடம், எந்த மெழுகு எந்தக் கடையில் கிடைக்கும் என்ற குறிப்பு, எல்லாம் ஒரே கோப்பில். ஒரு பிரதி சங்கத்தில், இன்னொன்று சிற்பியிடம், மூன்றாவது பிரதி, உங்கள் தெருவில் அடிக்கடி வீடு மாற்றாத யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில்.